டெல்லிக்குப் போன தண்ணீர்

12 மார்ச் 1984, திங்கள்

இந்நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவதற்குப் பக்கத்தில் தூங்கும் என் பாப்பா மன்னிக்கட்டும். தூக்கம் வரவில்லை.

டெல்லி மின் அலுவலகத்திலிருந்து இன்று கடிதம் வந்தது. தோல் ஆலைக் கழிவால் எஸ்தர் அக்கா தெருக் கிணறு ஏற்கெனவே கெட்டிருந்தால், அந்தத் தெருமேல் இன்னொரு கழிவையும் சுமத்தாமல், அனல் மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலைக் கொட்டும் குளத்துக்கு வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மாதிரி எடுக்கும் வேலையில் நான் பாட்டிலில் அனுப்பிய கிணற்றுத் தண்ணீர், சோதனையில் நன்றாக இருக்கிறதாம். அங்கேயே வெட்டலாமாம்.

நம்ப முடியாமல் சாயங்காலம் அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"இன்னாம்மா, டெல்லிக்குப் போற தண்ணின்னு நீதானே சொன்னே? எங்க கிணத்துத் தண்ணிய மாடுகூடக் குடிக்காது. அதையா பெரிய ஆபீசருங்களுக்குக் குடுத்தனுப்புவாங்க? எங்க வீட்டுக்காரரு பள்ளிகொண்டாலேர்ந்து சைக்கிள்ல கொணாந்த குடத்துலேர்ந்து ரொப்பினேன். நல்லா இருக்குதுன்னாங்களா?"

பெருமையாகச் சிரித்தார். குளம் வரப்போவதைச் சொல்லாமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

தண்ணீர் எடுக்கப் போன அன்று பாப்பாவுக்குக் காய்ச்சல். பாட்டில்களை அக்காவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். மாலையில் வாங்கி, 'என் முன்னிலையில் கிணற்றிலிருந்து எடுத்தது' என்று கையெழுத்தும் போட்டேன். அக்காவுக்கும் கைக்குழந்தை இருக்கிறது.

சொன்னால் என் வேலை போகும். ஆனாலும் நாளைக்கு டெல்லிக்கு அனுப்ப இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஐயா, நான் அனுப்பியது அந்தக் கிணற்றுத் தண்ணீர் அல்ல. நான் பக்கத்தில் நிற்கவில்லை. மறுபடியும் எடுக்க அனுமதி கொடுங்கள். குளம் வெட்ட ஆரம்பிப்பதற்குள் தயவுசெய்து பதில் போடுங்கள்.