தலைகீழாக நிற்கும் மூன்று வளையங்கள்

அன்பு மகளுக்கு,

பெரிய பூங்காவில் நான் வெல்டிங் செய்த மூன்று வளையச் சிற்பத்தைத் தலைகீழாக நட்டுவிட்டார்கள். நட்டது தப்பு, சொன்னால் கேட்காதது அதைவிடத் தப்பு. இதை எழுதிய பிறகுதான் நலம் விசாரிக்கவே கை வருகிறது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் அவரைவிடப் பிடிவாதமாக இருக்கிறது, நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே, குட்டிக்கு இருமல் நின்றதா. போனில் சொன்னால் பாதியிலேயே "அப்புறம் பேசறேம்மா" என்பாய், அதனால்தான் கடிதம்.

போன வருஷம் நடைபாதையை அகலப்படுத்தக் கழற்றியவர்கள், திரும்ப வைக்கும்போது சின்ன வளையத்தை மேலேயும் பெரியதைக் கீழேயும் வைத்துப் பூட்டிவிட்டார்கள். தண்ணீர் வடிய ஒவ்வொரு குழாய் வளையத்தின் அடியிலும் நான் விட்ட ஓட்டைகள் இப்போது வானத்தைப் பார்த்து வாய் திறந்திருக்கின்றன. மழை உள்ளே தேங்கித் துருப்பிடித்துவிட்டது, அதையே காரணம் காட்டி மாதக் கடைசிக் கூட்டத்தில் பழைய இரும்புக்குப் போட முடிவெடுக்கப் போகிறார்களாம். வரைந்து கொடுத்த சிற்பியும் இப்போது உயிரோடு இல்லை. பூங்கா அலுவலகத்தில் மேலாளரிடம் போய் நின்றேன். "இது மாடர்ன் ஆர்ட்டும்மா, எப்படி வெச்சாலும் ஒண்ணுதான்" என்று சிரித்தார். அப்படின்னா உங்க நாற்காலியையும் கவுத்துப் போட்டு உக்காருங்க சார் என்றேன். அப்பா என் புடவையைப் பிடித்து இழுத்தார், நான் நகரவில்லை.

புதிதாக வந்திருக்கும் பொறியாளர் பெண் மட்டும் எழுந்து என்னோடு வந்தாள். வீட்டுச் சாவியால் வளையத்தைத் தட்டிக் காட்டினேன், மேல்பாதி கணீரென்றது, கீழ்ப்பாதி தொப்பென்றது. சாவியை வாங்கி அவளும் தட்டினாள். "உள்ள தண்ணி நிக்குதும்மா, நீங்க சொல்றது சரிதான், ஆனா கூட்டத்துல காட்ட ஒரு பழைய போட்டோவாவது வேணும்" என்றாள். எனக்கு யாரும் உட்காரவைத்துத் தொழில் சொல்லித்தரவில்லை, பட்டறையில் பார்த்துப் பார்த்துக் கற்றவள், ஒருத்தி சரி என்றதே எனக்குப் பாதி வெற்றி. திறப்பு நாளில், ஐந்து வயதில், கீழிருந்த சின்ன வளையத்துக்குள் உட்கார்ந்து நீ முறைக்கும் படம் உன் ஆல்பத்தில்தானே இருக்கிறது?

எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். படத்தைத் தேடி உடனே போனில் அனுப்ப வேண்டியது நீ. அதைப் பெரிதாக அச்சடித்து வர வேண்டியது அப்பா, முழங்காலைச் சாக்குச் சொல்லக் கூடாது. கூட்டத்தில் காட்ட வேண்டியது பொறியாளர் பெண். கிரேன் வரவழைக்க வேண்டியது அந்த மேலாளர். துருவைச் சுரண்டி ஒட்டுப்போட வேண்டியது நான், கை இன்னும் நடுங்கவில்லை. விடுமுறைக்கு வந்து சின்ன வளையத்துக்குள் உட்கார வேண்டியது குட்டி, அதுவரை ரொம்ப வளர்ந்துவிட வேண்டாம் என்று சொல்லிவை.

உன் அம்மா