அந்த வரியை எடுத்துவிடுங்கள்

கொண்டப்பநாயக்கன்பட்டியில் டீ குடிக்க இறங்கினேன். பக்கத்துக் கடையில் மேட்டூர் அணை மீன் பொரிந்துகொண்டிருந்தது. அந்த வாசனையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். டெல்லியில் எந்த விருந்துக்குப் போனாலும், "எங்கூரு மீனு மாதர வராதுங்க" என்று என் காதோரம் சொல்வீர்களே.

உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் நீங்கள் மேட்டூர்க்காரர், நான் நாமக்கல்காரி. நீங்கள் மூத்தவர், அந்த ஐவர் அமர்வில் நான்தான் கடைசி. சுரங்கத்துக்கு நிலம் எடுக்க ஊர்மக்களின் சம்மதம் கட்டாயமா என்பது வழக்கு. தலைமை நீதிபதி நம்மைத் தன் அறைக்கு அழைத்து, சம்மதம் கட்டாயமில்லை என்று ஐவரும் ஒரே தீர்ப்பாகத் தரவேண்டும் என்றார். எந்த வழக்கு யாரிடம் போகும் என்பதும் அவர் கையில்தான் இருந்தது. மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நீங்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் தனியாக எழுதுகிறேன்" என்றீர்கள்.

எனக்கோ சட்டம் அவர் பக்கம் இருப்பதாகவே பட்டது. வெளியே வந்ததும் உங்களிடம் சொன்னேன்.

"அவருக்குப் பயந்துக்கிட்டுச் சொல்றீங்களா?"

"இல்லீங்க. படிச்சுப் பாத்துத்தான் சொல்றேன்."

"அப்பறமென்ன அம்மிணி? பட்டத எழுதுங்க. எம்மேல பாசத்துல மட்டும் கையெழுத்தப் போட்றாதீங்க."

தலைமை நீதிபதி எழுதிய தீர்ப்பில் உங்களைப் பற்றி ஒரு வரி இருந்தது: 'கண்ணீரையே சட்டம் என்று நினைத்துவிட்ட சகோதர நீதிபதி.' அதை எடுத்தால்தான் கையெழுத்திடுவேன் என்றேன்.

"நீங்களும் அவர் ஊர்ப்பக்கம்தானே" என்றார்.

"தீர்ப்பில் நான் உங்கள் பக்கம். அந்த வரியில் இல்லை."

வரி போயிற்று.

அதன்பின் பெரிய வழக்கு எதுவும் உங்களிடம் வரவில்லை. ஓய்வு பெறும்வரை விபத்து இழப்பீட்டு மனுக்கள்தான். நான் வருந்தியபோது, "இதுலயும் மனுசருதானுங்களே இருக்காங்க" என்றீர்கள்.

வழியனுப்பு விழாவன்று கார் ஏறப் போனவர் திரும்பி வந்தீர்கள். "அந்த வரி இருந்திருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா நீங்க நின்னீங்க பாருங்க..." முடிக்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

போன மாதம் உங்களை எரித்துவிட்டு வந்தோம். அந்த வழக்கில் என் முடிவு சரியென்றே இன்னும் நினைக்கிறேன். உங்கள் தீர்ப்பையும் எடுத்தெடுத்துப் படிக்கிறேன். நானும் ஓய்வு பெற்று, இப்போது நாமக்கல்லில் பங்காளிச் சண்டைகளுக்குச் சமரசம் பேசுகிறேன். யார் பக்கம் நியாயம் குறைவு என்று எனக்குப் படுகிறதோ, அவரையே முதலில் பேசச் சொல்கிறேன். அவர் முடிக்கும்வரை அந்த அறையில் யாரையும் சிரிக்க விடுவதில்லை.