நாலு மணிக்குப் பின்வாசல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம்; நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வேறு யாராவது போட்டுக்கொடுப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: போன வாரம் நம் பிரார்த்தனைக் கூட்டத்தில் நாற்பது பேர் கண்ணை மூடி, நான் எந்தப் பெண்ணோடும் ஓடிப்போய்விடக் கூடாது என்று உருகி உருகி வேண்டிக்கொண்டார்கள்.

கண்புரை முற்றி, நான் எழுதும் பெயர்ப்பலகைகளில் வரிகள் மலையேற ஆரம்பித்துவிட்டன. மருந்துக்கடையின் கடைசி எழுத்து பக்கத்துக் கடைக்கே குடிபோய்விட்டது. சர்க்கரை குறைந்தால்தான் ஆபரேஷன், இல்லையென்றால் பிரஷ்ஷை மூட்டை கட்டுங்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கோ நாலு மணியானால் கால் தானாகப் பேக்கரிக்குப் போகிறது. முன்வாசலுக்கு எதிரே அம்மாவின் தையல்கடை, அதனால் பின்வாசல். அங்கே எனக்கென்று ஒரு கிரீம் பன் ஒளிந்திருக்கும். இது மனுஷனால் ஆகிற காரியமில்லை என்று, பெயர் போடாமல் ஒரு சீட்டெழுதி வேண்டுதல் பெட்டியில் போட்டேன்: "தினமும் நாலு மணிக்குப் பின்வாசலில் காத்திருக்கும் சபலத்திலிருந்து, இறைவா, என்னைக் காப்பாற்று." பன் என்று எழுத வெட்கம். ஆனால் கை சும்மா இருக்குமா? முதலெழுத்துக்கு ஒரு சுழி, கீழே நிழல், ஓரத்தில் பூ. பாதிக் கடைகளின் தலையில் இருக்கும் அதே பூ. கூட்டத்தில் சீட்டுகளை வாசிக்கும் கணக்கு வாத்தியார் அதைப் படித்துவிட்டுத் தூக்கிக் காட்டினார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. மழைக்கு வேண்டும்போதுகூடக் குறட்டை விடுகிறவர்கள், அவள் யாராக இருக்கும் என்ற ஏக்கத்தில் கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள்.

அம்மா அழவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். "இந்த மூஞ்சிக்கு எவ வருவா? பன்னாத்தான் இருக்கும்" என்று எழுந்து நின்று சொல்லிவிட்டாள். கூட்டத்துக்கே முகம் தொங்கிப்போனது. ஆனாலும் விடவில்லை, அன்றிலிருந்து நாலு மணிக்கு வாத்தியார் தலைமையில் ஐந்தாறு பேர் பின்வாசலில் காவல். அம்மாவும் கடையைப் பூட்டிவிட்டு அவர்களோடு போய் நிற்கிறாள்.

வரும் திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனை, எனக்காக நீயும் வேண்டிக்கொள். ஆபீஸில் யார் சிரித்துக்கொண்டே எதை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. ஆண்டவனிடம் ஏதாவது கேட்பதென்றால் டைப் அடித்துக் கேள். கண்ணுக்குத் தெரியாத எந்தக் கண்ணியிலும் உன் கால் படாமல் அவன் பார்த்துக்கொள்வான்.

ஊரே காவல் காக்கும்,
உன் அப்பா

பி.கு.: தாளின் மூலையில் ஒட்டியிருப்பது வெள்ளை பெயிண்ட் இல்லை. முன்வாசலில் இப்போது யாருமே நிற்பதில்லை.