‘ஃபே’ என்றால் நெருப்பு

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
12.9.1978

அடி தில்லை,

சுகமா? நீ லீல் நகரத்திலிருந்து அனுப்பிய நாவல் வந்து சேர்ந்தது. விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் பதினான்கு வயதுப் பெண் துப்பறிகிறாளாம், அதுவும் பிரெஞ்சில்! எட்டாவதோடு நின்றுபோன என் பிரெஞ்சுக்கு இது தேவைதானா? ஆனாலும் அந்த மார்த்தா கெட்டிக்காரி. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஏழு அத்தியாயம் முடித்துவிட்டேன்.

கொலைகாரன் தீயணைப்புப் படைத் தலைவன், அந்தக் கப்பித்தேன்தான், எழுதி வைத்துக்கொள். வக்கீல் கடிதத்தில் அவன் பெயருக்கு முன்னால் ‘ஃபே’ என்று போட்டிருக்கிறது. ‘ஃபே’ என்றால் நெருப்புதானே? ஆனால் ஆள் கண்ணிலேயே படமாட்டேன் என்கிறான்.

உன் அம்மா தினமும் வந்து, “அந்தக் குளிருல எம் பொண்ணு எப்பிடி இருக்குதோ” என்று புலம்புகிறார்கள். அவர்களுக்கும் நாலு வரி எழுது. நான் படித்துக் காட்டுகிறேன்.

உன்
அஞ்சலாட்சி

லீல், பிரான்சு
4.10.1978

அன்பு அஞ்சலாட்சி,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் இருமலே வந்துவிட்டது. மக்கு! பெயருக்கு முன்னால் ‘ஃபே’ வந்தால் நெருப்பு இல்லை, காலஞ்சென்றவர் என்று அர்த்தம். கப்பித்தேன் கதை தொடங்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். செத்தவனைப் பிடித்துத் தூக்கில் போடப் பார்த்தாயே!

என் வீட்டுக்காரர் பட்டாளத்தோடு ஆப்பிரிக்காவில் ஜிபுத்திக்குப் போய்விட்டார். இந்த அறையில் குளிர்காய ஒரு கணப்பு இல்லை. இருமலும் விடமாட்டேன் என்கிறது. அம்மாவிடம் மூச்சு விடாதே.

கடைசி அத்தியாயத்தைக் கிழித்து நான்தான் வைத்திருக்கிறேன். மாசி மகத்துக்கு வரும்போது கையில் தருவேன். அதுவரை தவி.

உன்
தில்லை

முத்தியால்பேட்டை
18.12.1978

அடி பாவி,

இரண்டு மாதமாய் ஒரு வரி இல்லை. கொலைகாரன் யாரென்று தெரியாமல் எனக்குத் தூக்கம் போச்சு. மார்த்தா கதை கிடக்கட்டும், டாக்டரிடம் போனாயா இல்லையா? உன் அம்மா உனக்கென்று கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கொரு முறை வெயிலில் காயப்போட்டு எடுக்கிறார்கள். பார்சல் அனுப்பவா, வந்து போட்டுக்கொள்கிறாயா? பதில் எழுது.

அஞ்சலாட்சி

முத்தியால்பேட்டை
20.2.1979

தில்லை,

இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

இன்று காலை உன் அம்மா ஒரு உறையைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். மேலே லீல் நகராட்சி முத்திரை. “பொண்ணு எழுதியிருக்குது, படி” என்றார்கள். உள்ளே அச்சடித்த தாள். முதல் வரியில் உன் பெயர். அதற்கு முன்னால் ‘ஃபே’.

“அங்கியே பாத்துக்கினு நிக்கிறியே, இன்னா போட்டுருக்குது?” என்றார்கள்.

“நெருப்புன்னு போட்டுருக்கும்மா” என்றேன். வாயில் வந்தது அதுதான். “ரூமுல கணப்பு வச்சிட்டாங்களாம்.”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். “அப்பாடி, இனிமே எம் பொண்ணுக்குக் குளிராது” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய் அந்தக் கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து, “இது இனிமே அதுக்கு வேணாம், நீ போட்டுக்க” என்று என் கையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

நாளைக்குக் காலையில் நான் அந்த வீட்டுப் படி ஏற வேண்டும். எப்படிச் சொல்வேன்? கடைசி அத்தியாயம் எனக்கு வேண்டாம், தில்லை. யார் கொன்றால் எனக்கென்ன? என்னை மக்கு என்று மட்டும் திட்டாதே. இந்த ஒரு முறை, நான் படித்ததுதான் சரி என்று எழுது.

உன்
அஞ்சலாட்சி