பொதுப் பட்டியலில் உன் அப்பா பெயர்

கோமதியம்மாள் துணை

களக்காடு

அன்பு மகள் மதுமதிக்கு அம்மா எழுதுவது. அம்மாள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், உன் சுகத்தை ஒரு வரி எழுது, போனில் கேட்க நினைத்தது போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. வாழைமண்டி ஆபீசில் எல்லாரும் மெயில் அனுப்ப ஒரே முகவரிப் பட்டியல் போட்டுக் கொடுத்தாயே, அதில் லாரி பார்க்கும் செந்தில்முருகன் போனில் இருந்த வியாபாரிகளை நீயே மொத்தமாக ஏற்றினாய். ஆளுக்கு ஆள் கைவைத்துக் கெடுக்கக்கூடாதென்று திருத்தும் அனுமதியை எனக்கு மட்டும் தந்தாய். மிச்சப் பேரை நான் ஏற்றினேன், உன் அப்பா முறை வந்ததும் கை நின்றுவிட்டது. கோயிலில் அர்ச்சனைக்கே நட்சத்திரம் மட்டும்தான் சொல்வேன், குருக்களுக்குத் தெரியும். வாயால் சொல்லாததை விரலால் சொல்லலாமா, ஆகவே ‘மதுமதி அப்பா’ என்று போட்டேன். ராதாபுரத்தில் நமக்குப் போட்டியாக மண்டி வைத்திருப்பவருக்கும் உன் அப்பா பெயர்தான், செந்தில்முருகன் போனிலிருந்து அவரும் அதில் ஏறியிருப்பார் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

காற்றில் வாழை சாய்ந்ததிலிருந்து மண்டிக்கு ஓணத்துக்குக் கேரளா போகும் லோடு ஒன்றுதான் நம்பிக்கை, அது தவறினால் கடையைப் பூட்டவேண்டியதுதான். கொச்சிக்காரர் விலை கேட்டிருந்தார். கணக்கு பார்க்கும் பியூலா விலையை எழுதி, அப்பா பார்த்துச் சரி சொல்லட்டும் என்று பட்டியலில் அவர் பெயரைத் தட்டினாள், அந்தப் பெயரில் ஒருவர்தான் வந்தார், அனுப்பிவிட்டாள். அப்பா மெயில் வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தார். ராதாபுரத்தாரே போன் பண்ணி, “உம்ம வெல எனக்கு வந்து கெடக்கு வே, நான் பாக்கல, ஆனா ரெண்டு ரூவா கூடத்தான் போட்டிருக்கீரு” என்றாராம். அப்பா குறைத்து அனுப்பினார், லோடு நமக்கே வந்தது. அவருக்கு ஒரு தார் ஏத்தன் பழம் அனுப்பியிருக்கிறோம்.

பியூலா வந்து, “அக்கா, அண்ணாச்சி பேரப் போட்டுருங்க, வேணும்னா நான் கண்ண மூடிக்கிடுதேன்” என்றாள். உன் அப்பா, “கூப்பிடாத பேரத் தேடுனா எப்படிக் கெடைக்கும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். என்னால் முடியாது அம்மா, நீ அங்கிருந்தே ஏற்றிவிடு.

இதை மெயிலில் அனுப்பவில்லை, யாருக்குப் போய்ச் சேருமோ. நார்த்தங்காய் ஊறுகாயோடு கூரியரில் வருகிறது, ஈரக்கரண்டி போடாதே. புனேயில் மழையாமே, தலையைத் துவட்டிவிட்டுப் படு. அம்மாள் உன்னைக் குறைவில்லாமல் வைத்திருப்பாள்.

பெயரைப் போடும்போது ‘மதுமதி அப்பா’வை எடுத்துவிடாதே, பக்கத்திலேயே இருக்கட்டும். நான் தேடினால் அப்படித்தான் தேடுவேன்.

இப்படிக்கு
உன் அம்மா
பாலம்மாள்