கொக்கு தின்ற கெண்டைகள்

மாப்பிள்ளைக்கு,

ஐப்பசி பிறந்துவிட்டது. நீங்கள் கண்மூடியபின் வரும் இரண்டாவது ஐப்பசி. போன வாரம் உங்கள் நீச்சல் தொட்டியை வடிய விட்டு, சுவரில் படிந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும், "அந்த மூலையத் தேய்க்கலீங்க மச்சான்" என்று நீங்கள் பின்னால் நின்று சொல்வது போலிருந்தது. திரும்பினேன். யாருமில்லை. மூலை மட்டும் தேய்க்காமல்தான் இருந்தது.

மல்லசமுத்திரத்தைச் சுற்றி எட்டுத் திசையிலும் கிணற்றில் குதிப்பவர்கள்தான் உண்டு. நீந்துவதற்கென்று வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி கட்டியவர் நீங்கள் ஒருவர்தான். ஊரே சிரித்தது. நான் சிரித்த சிரிப்பில் திருச்செங்கோட்டு மலை ஒரு முழம் நகர்ந்தது. காய்ச்சலில் கால் சூம்பிப்போன என் தங்கை, இடுப்பளவு நீரில் உங்கள் கையைப் பிடித்து ஆறடி நடந்த அன்றுதான் என் வாய் மூடியது. கட்டிலை விட்டால் அவளுக்கு இருந்த ஒரே இடம் அந்தத் தொட்டி.

குளிர் மாதங்களில் அந்த நீர் அவள் காலுக்கு ஆகாது. தை முடியும்வரை தொட்டிக்கு ஓய்வு. பாசி தேய்த்து, சுண்ணாம்பு அடித்து, காரம் போக இரண்டு முறை கழுவுவீர்கள். காலியாக விட்டால் வெடித்துவிடும் என்று அரைத் தொட்டி நீர் நிறுத்தி, கொசுப் புழுவைத் தின்னக் கெண்டைகளை விடுவீர்கள். யுத்த காலத்தில் ஒரு வருடம், சேலத்துக்குப் போகும்போது அவற்றுக்குக் காவலாக என்னை வைத்தீர்கள். உயிரைக் கொடுத்துக் காத்தேன். மூன்றாம் நாள், கெண்டை ஒவ்வொன்றும் முதலைக்கு அண்ணன் போலத் தெரிந்தது. ஊரைக் காப்பாற்ற வேண்டி, பக்கத்துத் தோட்டத்துச் சாளை வீட்டில் குழம்பு வைத்துவிட்டேன்.

நீங்கள் திரும்பிய வாரமே சுகாதார அதிகாரி வந்து நீரைக் கரண்டியில் மொண்டார். புழு நெளிந்தது. மலேரியாக் காலம். சீமெண்ணெய் ஊற்றலாம் என்றால் விளக்குக்கே கிடைக்கவில்லை. "எட்டு நாள்ல வருவேன். அப்பவும் புழு இருந்தா மண்ணைக் கொட்டி மூட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உங்களிடம் உண்மையைச் சொன்னேன். "உங்களுக்குப் பதிலாப் பூனைய வெச்சிருந்தா ரெண்டாச்சும் மிஞ்சியிருக்குமுங்க" என்றீர்கள். அவ்வளவுதான். தங்கையிடம் போய், "கொக்கு தின்னுட்டுப் போயிருச்சு அம்மிணி. வேற கொண்டாரோம்" என்றீர்கள்.

வண்டி கட்டி ஜேடர்பாளையம் போனோம். காவிரிக் கெண்டைக் குஞ்சுகளோடு இரண்டு அண்டாக்கள் வண்டியில் ஏறின. "தண்ணி அசையாம நின்னா மீனு மூச்சு முட்டிச் செத்துரும். கைய எடுக்காம அலம்பீட்டே வாங்க மச்சான்." பகலெல்லாம் அலம்பினேன். பாற்கடலைக் கடைந்தவர்களுக்கு எதிர்ப்பக்கம் ஆள் இருந்தது. எனக்கோ வலக்கைக்கு இடக்கைதான் மாற்றாள். பாதி வழியில் இரண்டும் மரத்துப்போயின. நீங்கள் மாடுகளை அவற்றின் போக்கில் விட்டு, நடுவில் உட்கார்ந்து, அண்டாவுக்கு ஒரு கையை விட்டுக்கொண்டீர்கள்.

அதிகாரி மறுபடி வந்து மொண்டபோது கரண்டியில் வானம் மட்டும் தெரிந்தது. மாசியில் தங்கை மீண்டும் தொட்டியில் இறங்கினாள். இப்போது கோல் ஊன்றித் தரையிலும் நடக்கிறாள். நாம் தனியாக இருக்கும்போது என்னைக் கொக்கு என்றே கூப்பிட்டீர்கள். கடைசிவரை உண்மையை அவளிடம் சொல்லவில்லை.

இன்று அண்டாவிலிருந்து மீன் விடும்போது கோலோடு வந்து நின்றாள். "அண்ணா, கொக்கு வராமப் பாத்துக்க."

"வராது அம்மிணி."

"அந்தக் கொக்கு மொளகு வறுத்தரைச்ச வாசம் அன்னைக்கே என்ர கட்டில் வரைக்கும் வந்துச்சு."

"அப்பவே ஏன் கேக்கல?" என்றேன்.

"பொய்யே சொல்லத் தெரியாத மனுசன், உனக்கோசரம் ஒண்ணு சொன்னாரு. அதப் போயிக் கெடுக்கறதா?"

அவள் போனபின் குனிந்து பார்த்தேன். மீன்கள் எல்லாம் எப்போதோ தொட்டியில் இறங்கியிருந்தன. வெறும் அண்டா நீரை என் கை இன்னும் அலம்பிக்கொண்டிருந்தது.

உங்கள்
கொக்கு