நான் வென்றதாகச் சொல்லும் மறு எண்ணிக்கையை ரத்து செய்யக் கோருதல்

அனுப்புநர்:
கோ. மரகதம், க/பெ. கோவிந்தராஜன்,
அன்னை நிழல் குடியிருப்பு,
ஒக்கலிபுரம், பெங்களூர்.

பெறுநர்:
துணைப் பதிவாளர் அவர்கள்,
கூட்டுறவுச் சங்கங்கள்,
பெங்களூர்.

பொருள்: அன்னை நிழல் குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் தேர்தல் – வாக்குகளை இரு வேட்பாளர்கள் முன்னிலையில் மீண்டும் எண்ண வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

தோற்றவர்கள் மனுக் கொடுப்பதே வழக்கம். நான் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டவள். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. பக்கத்து வீட்டு வீணா எழுதித் தந்த கன்னடப் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.

1. நான் கார்மெண்ட்ஸில் தையல் வேலை செய்கிறேன். என்னை எதிர்த்து நின்ற சந்திரம்மா மூன்றாவது வீட்டுக்காரர். முதலில் சாக்கடையைக் கட்டுவதா, கூரைகளை மாற்றுவதா என்பதில்தான் எங்களுக்குள் வித்தியாசம். எங்கள் வீடுகள் நிற்கும் நிலம் சங்கத்தின் பெயரில் உள்ளது. அதை விற்கக்கூடாது என்பதில் இருவரும் ஒன்றாகவே இருந்தோம்.

2. கடந்த ஞாயிறு பிற்பகல் எங்கள் இருவர் முன்னிலையில் வாக்குகள் எண்ணப்பட்டன. சந்திரம்மா மூன்று வாக்கில் ஜெயித்தார். நான் அவர் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

3. மறுநாள் சங்க அறிவிப்புப் பலகையில், என் வேண்டுகோளின் பேரில் மறு எண்ணிக்கை நடந்ததாகவும், நான் பதினொரு வாக்கில் வென்றதாகவும் ஒட்டியிருந்தார்கள். நான் யாரிடமும் மறு எண்ணிக்கை கேட்கவில்லை. என்னையும் கூப்பிடவில்லை, சந்திரம்மாவையும் கூப்பிடவில்லை. ஞாயிறன்று எண்ணி முடித்து மூடிய பெட்டியின் அரக்கு முத்திரையில் எங்கள் இருவர் கைநாட்டும் வைத்திருந்தோம். இப்போது இருப்பது வேறு அரக்கு. தேர்தல் நடத்திய திரு. உமேஷ் இதற்குப் பதில் சொல்ல மறுக்கிறார்.

4. அன்று மாலை கட்டட கான்ட்ராக்டர் திரு. பெருமாள்சாமி மாலையோடு என் வீட்டுக்கு வந்தார். "அக்கா, நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. பேப்பர் வரும், சைன் போடுங்க, அவ்ளோதான்" என்றார். நான் மறு எண்ணிக்கை கேட்கவே இல்லையே என்றேன். அவர் என் மகள் ரூபினியைப் பார்த்து, "பாப்பா டைப்பிங் கிளாஸ் சிவாஜிநகர்லதானே? பஸ் ஸ்டாண்டுல கூட்டம் ஜாஸ்தி. ஜோபானமா, பாத்து போவச் சொல்லுங்க" என்று சிரித்தபடி சொன்னார். அவள் எங்கே படிக்கிறாள் என்று நாங்கள் அவரிடம் சொன்னதில்லை. அதன் பிறகு அவளை வகுப்புக்கு அனுப்பவில்லை.

5. சந்திரம்மா சங்க அலுவலகத்தில் போய் நியாயம் கேட்டார். அடுத்த நாளே அவர் கணவர் ஆதிகேசவனின் இஸ்திரி வண்டி எரிந்து கிடந்தது. குடியிருப்பில் எல்லோரும் என் ஆட்கள் செய்ததாக நினைக்கிறார்கள். குழாயடியில் நான் குடத்தை வைத்தால் மற்றவர்கள் விலகிப் போகிறார்கள். நான் அழுதுகொண்டு சந்திரம்மா வாசலில் நின்றபோது, "ஜெயிச்சவ நீ. நீ எதுக்கு அழுவுற?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்.

6. நேற்று அந்தக் காகிதம் வந்தது. எங்கள் நிலத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம். செயற்குழுவினர் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தலைவர் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. மெஷினில் கை மாட்டிக்கொண்டது என்று சொல்லி வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறேன். காயம் எதுவும் இல்லை. பத்திரம் கொண்டு வந்தவர்கள் வெள்ளிக்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சந்து முனையில் ஒரு ஜீப் நிற்கிறது. அதில் இருப்பவர்கள் யாரோடும் பேசுவதில்லை.

ஆகவே, வாக்குப் பெட்டியைத் தாங்கள் உடனே கைப்பற்றி, வேறு இடத்தில், எங்கள் இருவர் கண்ணெதிரில் ஒவ்வொரு சீட்டையும் காட்டி எண்ண உத்தரவிட வேண்டுகிறேன். அதுவரை நிலப் பத்திரம் எதுவும் பதிவாகாமல் தடுக்க வேண்டும். சந்திரம்மா ஜெயித்திருந்தால் அவரே தலைவர். உண்மையிலேயே நான் ஜெயித்திருந்தாலும் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன்.

இன்று காலை வீணா இந்த மனுவைச் சந்திரம்மாவிடம் படித்துக் காட்டினார். அவர் என் வீட்டுக்கு வந்து, பேனாவை வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டார்.

விசாரணைக்கு நான் வராமல் போனால், வர விருப்பமில்லை என்று தாங்கள் எண்ண வேண்டாம். இந்த மனுவைத் திரும்பப் பெறுவதாக என் கையெழுத்தோடு ஏதாவது வந்தால், அதை நான் எழுதியதாக ஏற்க வேண்டாம்.

இடம்: ஒக்கலிபுரம்
நாள்: 12.3.1997

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
கோ. மரகதம்

மேலே சொன்னவை உண்மை,
ஆ. சந்திரம்மா